கருக்கிய பலகைச் சுவர் வெளுக்கிறதா? முதலில் அடிவிளிம்பைப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் தென்கடலோர ஊர் ஒன்றில் இருக்கிறோம். 2019-இல் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்டியபோது, வெளிச்சுவருக்குத் தீயில் கருக்கிய சைபீரிய லார்ச் (ஊசியிலை மர வகை) பலகைகளை நெடுக்குவாட்டில் அடித்தோம். லேசாகப் பிரஷ் செய்து, எண்ணெய் பூசிய ரகம். ‘பராமரிப்பே தேவையில்லை’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது தெற்கு, மேற்குச் சுவர்களில், மொத்தம் 30 சதுர மீட்டர் இருக்கும், கருமை போய்ப் பழுப்பும் சாம்பலும் தெரிகின்றன. தொட்டால் கையில் கரி ஒட்டுகிறது. அங்கங்கே பிசின் கசிந்து வெள்ளையாக உறைந்திருக்கிறது. வடக்குச் சுவரின் அடியில் பாசி. ஒருவர் பிரஷர் வாஷர் அடித்து வார்னிஷ் பூசச் சொல்கிறார். இன்னொருவர் கேஸ் டார்ச்சால் சுவரிலேயே மறுபடி கருக்கிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது? ஏற்காட்டில் அப்பா கட்டும் வீட்டுக்கும் சில்வர் ஓக் பலகையை இப்படிக் கருக்கி அடிக்கலாம் என்று நினைத்திருந்தோம். அது சரிவருமா?

பதில்: இரண்டு யோசனைகளையும் விட்டுவிடுங்கள். பிரஷர் வாஷர் மிச்சமிருக்கும் கரியையும் பெயர்த்துவிடும். டார்ச், வீட்டுக்கே தீ வைத்துவிடக்கூடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கெட்டிருப்பது பெரும்பாலும் நிறம்தான், மரம் அல்ல. ஆனால் அதை உறுதிசெய்துகொள்ளப் பார்க்க வேண்டிய இடம், கண்ணை உறுத்தும் அந்த வெளுத்த நடுச்சுவர் இல்லை. பலகை முடிகிற அடிவிளிம்பு.

‘பராமரிப்பே தேவையில்லை’ என்ற பேச்சு ஜப்பானிலிருந்து வந்தது. ஒக்கயாமா, நவோஷிமா தீவு போன்ற மேற்குப் பகுதிகளில் ‘யாகிசுகி’ என்ற பெயரில் இந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் மூன்று பலகைகளை முக்கோணக் குழாயாகச் சேர்த்துக் கட்டி நிறுத்தி, அடியில் தீ மூட்டுவார்கள். குழாய் காற்றை இழுக்கும், தீ உள்பக்கமாகவே மேலேறும், சில நிமிடங்களில் உள்முகம் முழுக்கக் கரியாகும். உடனே கட்டைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். இப்படிச் சுட்டால் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கனத்தில் கரி நிற்கும். பழைய முறையில் அதைப் பிரஷ் செய்வதில்லை, எண்ணெயும் பூசுவதில்லை. சுவருக்கு மேலே இறவாரம் நன்றாக நீண்டிருக்கும். கரி உதிர்ந்து வெளுப்பதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளாமல், பலகை நைந்தபோது மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் சுவரில் இவற்றில் எதுவும் இல்லை. பிரஷ் செய்த ரகத்தில் மிஞ்சுவது மெல்லிய படலம்தான், பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்போதைய கட்டடங்களில் அவ்வளவு நீண்ட இறவாரம் அரிது. தென்கடலோரத்தில் மழையும் காற்றும் தென்மேற்கிலிருந்துதான் அதிகம் வரும், வெயில் விழுவதும் அதே இரண்டு சுவர்களில்தான். ஆக, அங்கே முதலில் வெளுத்ததில் வியப்பில்லை. ஜப்பானியத் தடித்த கரிக்குப் பொருந்திய பேச்சை இந்த மெல்லிய படலத்துக்கும் சேர்த்துச் சொல்லி விற்றுவிட்டார்கள்.

கரி செய்யும் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தைச் சாம்பல் நிறமாக்குவது புற ஊதாக் கதிர். அது மரத்திலுள்ள லிக்னின் என்ற பிணைப்புப் பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிச் செல்கிறது. கரி அப்படிச் சிதைவதில்லை. பூஞ்சைக்கும் அது உணவில்லை. ஆனால் கருக்கியது ஒரு முகத்தை மட்டும்தானே? பின்முகம், ஓரம், பலகையின் நுனியை அறுத்த வெட்டுமுகம் எல்லாம் கருக்காத மரமாகவே இருக்கின்றன. கரியும் வெடிப்பு வெடிப்பாக இருப்பது, தண்ணீரைத் தடுக்கும் தோல் அல்ல. நனைந்த பலகை சீக்கிரம் காய்ந்துவிடுகிறதா என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை அரிக்கும் பூஞ்சை வேலை தொடங்காது.

ஆகவே பிரஷ்ஷையும் எண்ணெயையும் எடுப்பதற்கு முன்னால் இவற்றைப் பாருங்கள்.

அடிவிளிம்புக்கும் தரைக்கும் குறைந்தது 150 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், 200-க்கு மேல் இருந்தால் நல்லது. கட்டியபோது சரியாக இருந்திருக்கும். பிறகு பூச்செடிக்கு மண் கொட்டியிருப்பீர்கள், அல்லது சுவரை ஒட்டித் தளம் போட்டிருப்பீர்கள். கருக்கிய சுவர்கள் கெடுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மண்ணை வெட்டி எடுத்து, சுவரோரம் 300 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கூழாங்கல் பரப்புங்கள். கல்தளத்தில் விழும் மழை எகிறி அடிப்பதுபோல் கூழாங்கல்லில் அடிக்காது.

அடுத்து, ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு அடிவிளிம்பு நெடுகிலும், ஜன்னல் மூலைகளிலும், ஸ்க்ரூ அடித்த இடங்களிலும் குத்திப் பாருங்கள். கரியைத் தாண்டியதும் ஊசி முரண்டுபிடித்து நின்றால் மரம் திடமாக இருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மேல் மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகை இற்றுக்கொண்டிருக்கிறது, அதற்கு எண்ணெய் மருந்தாகாது. ஈரமானி வைத்திருந்தால், முள்ளைக் கரிமேல் வைத்து அளக்காதீர்கள். அந்தக் கருவி நல்ல மரத்துக்காக அளவு குறித்தது, கரிப்படலத்தின் மேல் காட்டும் எண்ணை நம்ப முடியாது. கண்ணில் படாத ஓரிடத்தில் கரியைச் சுரண்டிவிட்டு அளவெடுங்கள்.

பலகைக்குப் பின்னால் காற்று ஓடுகிறதா என்பது மூன்றாவது. நெடுக்குப் பலகையைக் குறுக்கு ரீப்பரில் நேரடியாக அடித்திருந்தால், ஒவ்வொரு ரீப்பரும் காற்றை மறிக்கும், பின்னால் வழிந்த நீரும் அதன்மேல் தங்கும். குறுக்கு ரீப்பருக்குப் பின்னால் நெடுக்கு ரீப்பரும் இருக்க வேண்டும். சுவருக்கும் பலகைக்கும் இடையில் 25 மில்லிமீட்டர் வெற்றிடமும், அடியிலும் மேலேயும் நீள நெடுக 10 மில்லிமீட்டர் வாயும் விட்டிருக்க வேண்டும். கீழே ஒரு சிறிய கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து டார்ச் லைட் அடித்தால் எல்லாம் தெரியும். அந்த வாய்களில் அடித்த பூச்சிவலை சிலந்திக்கூட்டாலும் உதிர்ந்த கரித்தூளாலும் அடைத்திருந்தால் வேக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள்.

இந்த மூன்றும் சரியென்றால் நிம்மதியாக இருங்கள். மீதியெல்லாம் மேற்பரப்புச் சமாசாரம்.

கை வைத்தால் ஒட்டும் கரி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய மாஸ்கிங் டேப் போதும். ஒரு சாண் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று உரியுங்கள். மாவுபோல் தூள் மட்டும் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். நகத்தளவு செதில்களாக வந்தால் கரி மரத்திலிருந்து விட்டுவிட்டது. அதன்மேல் எண்ணெய் பூசினால் எண்ணெய் செதிலைத்தான் பிடிக்கும், செதில் மரத்தைப் பிடிக்காது. அங்கே கெட்டியான நைலான் பிரஷ்ஷால் ரேகை போகிற போக்கில் தேய்த்து, தளர்ந்ததையெல்லாம் உதிர்த்துவிட வேண்டும். கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் வுல்லும் வேண்டாம். அவற்றிலிருந்து முறியும் இரும்புத் துணுக்குகள் மரத்தில் சிக்கித் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கறை வைக்கும்.

தேய்க்கும்போது நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி2 தர மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தரையில் தார்பாய் விரியுங்கள். வெளிர்நிறக் கல்தளத்தில் கரிநீர் இறங்கினால் அந்தக் கறையை எடுப்பது சுவர் வேலையைவிடப் பெரிய வேலையாகிவிடும். பிறகு தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். கடலோரம் என்பதால் இந்தக் கழுவல் அவசியம், உப்புப் படிந்த மரத்தில் எண்ணெய் ஒழுங்காக இறங்காது. பிரஷர் வாஷரைத் தவிர்க்கச் சொல்வதற்குக் கரி பெயர்வது மட்டும் காரணமில்லை. அது தண்ணீரைப் பலகை இடுக்குகள் வழியாகப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிடும், அங்கேதான் காப்பே இல்லாத, கருக்காத மரம் இருக்கிறது.

வடக்குச் சுவர்ப் பாசிக்கு பென்சல்கோனியம் குளோரைடு கலந்த பாசிநீக்கி கடையில் கிடைக்கும். டப்பாவில் போட்ட அளவில் நீர்த்து, தெளிப்பானால் நனைத்து, சொன்ன நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பிளீச் வேண்டாம். அந்தச் சுவரில் கருமை நன்றாக இருந்தால் இந்த முறை எண்ணெயும் வேண்டாம்.

பிசின், லார்ச்சின் பிறவிக்குணம். கருப்புச் சுவர் வெயிலில் மற்ற சுவர்களைவிட அதிகமாகக் கொதிப்பதால் உள்ளே இருக்கும் பிசின் இளகி வெளியே வருகிறது. கோடையில் துடைக்கப் போனால் இழுவி நாசமாகும். குளிர்ந்த காலையில், பிசின் கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்தில் இருக்கும்போது பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டி எடுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கலாம். அந்த இடத்தில் கரியும் கொஞ்சம் வரும், பிறகு கருப்பு எண்ணெயால் தொட்டுவிட்டால் தெரியாது. சில ஆண்டுகளில் கசிவு தானாகவே குறையும்.

இனி எண்ணெய். வாங்க வேண்டியது வெளிப்புற மரத்துக்கான, உள்ளே ஊறும் ரகம், கருப்பு நிறமி கலந்தது, பூஞ்சைத் தடுப்பு சேர்த்தது. நிறமில்லாத எண்ணெய் உங்கள் சுவருக்குப் பயன்படாது. கரி போன இடத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்க அதில் ஒன்றுமில்லை, பழுப்பை இன்னும் பளிச்சென்று காட்டும். சுத்தமான ஆளிவிதை எண்ணெயையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது காய நெடுநாள் ஆகும், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், பூசணத்துக்குத் தீனியாகும். கருப்புச் சுவரில் அந்தப் பூசணம் முற்றும்வரை கண்ணுக்கும் படாது.

அளவு: கரடுமுரடான கரிமுகம் நிறையக் குடிக்கும். முதல் பூச்சுக்கு ஒரு லிட்டருக்கு 8 சதுர மீட்டர், இரண்டாம் பூச்சுக்கு 14 என்று வைத்துக்கொண்டால், 30 சதுர மீட்டருக்கு முதலில் 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் பிறகு 2 லிட்டரும் ஆகும். மொத்தம் 6 லிட்டர், ஒரே தயாரிப்பு எண் உள்ள டப்பாக்களாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிக் கலந்துகொண்டால் நிறம் மாறாது. நிறமி அடியில் படியும், கால்மணிக்கு ஒருமுறையாவது கிளறிவிடுங்கள்.

மே மாதமோ செப்டம்பர் தொடக்கமோ ஏற்றது. இரண்டு நாளாவது மழையில்லாமல் காய்ந்த சுவர், 10 முதல் 25 டிகிரி வெப்பநிலை. மேற்குச் சுவரைக் காலையில் முடித்துவிடலாம். தெற்குச் சுவருக்கு மேகமூட்டமான நாளைப் பாருங்கள், கொதிக்கிற கருப்புப் பலகையில் எண்ணெய் ஊறுவதற்குள் மேலேயே தோல்கட்டிவிடும். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பலகைகளை எடுத்து உச்சி முதல் அடிவரை ஒரே மூச்சில் பூசுங்கள். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். இருபது நிமிடம் கழித்து, ஊறாமல் மினுங்கும் எண்ணெயைப் பிரஷ்ஷாலேயே இழுத்துப் பரப்புங்கள் அல்லது துணியால் ஒற்றி எடுங்கள். அடிவிளிம்பின் வெட்டுமுகத்துக்கு மட்டும் தாராளமாக, குடிக்கக் குடிக்க இரண்டு மூன்று தடவை கொடுங்கள். பக்கவாட்டு முகங்களைவிட வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். எத்தனையோ பேர் சுவரை அழகாகப் பூசிவிட்டுக் குனிந்து அந்த ஓரத்தைப் பூசாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் காய்ந்ததும் இரண்டாம் பூச்சு, முதலாவதைவிட மெல்லியதாக.

எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி வைக்காதீர்கள். காயும் எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும், குவியலில் அந்த வெப்பம் தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வார்னிஷ் ஏன் கூடாது? அது மேலே படலமாக நிற்கும் சரக்கு. அடியில் இருப்பதோ உதிரும் கரி, போதாததற்கு மழைக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கும் மரம். ஓரிரு ஆண்டில் வெடிப்பு விழும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியிருக்காது, படலம் கரியையும் சேர்த்துக்கொண்டு தோலாக உரியும். அதன்பிறகு மணல்தாள் போட்டு எல்லாவற்றையும் எடுத்தால்தான் உண்டு, அத்தோடு கருக்கிய சுவர் என்ற பேச்சும் முடிந்தது.

டார்ச்சுக்கு வருவோம். மூன்று பலகைகளைக் கட்டிப் புகைபோக்கி ஆக்குகிற ஜப்பானிய முறையை மேலே சொன்னேன். உங்கள் பலகைக்குப் பின்னால் இருக்கும் 25 மில்லிமீட்டர் வெற்றிடமும் அடியிலும் உச்சியிலும் வாய் திறந்த புகைபோக்கிதான். இடுக்கு வழியாகத் தீ உள்ளே நாக்கு நீட்டினால் சிலந்தி வலை, பிளாஸ்டிக் பூச்சிவலை, சுவரில் விரித்த மெம்பிரேன் என்ற நீர்த்தடுப்பு மென்தாள் எல்லாம் பற்றும், கூரைவரை இழுத்துக்கொண்டு போகும். வெளியே அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். சுவரில் இருக்கும் பலகையை எக்காரணம் கொண்டும் சுடக் கூடாது.

மாற்ற வேண்டிய பலகைகள் இருந்தால் அவற்றைத் தரையில் வைத்துத்தான் கருக்க வேண்டும். உக்ரைன் போர் தொடங்கிய பின் 2022 முதல் ரஷ்ய மரம் பிரிட்டனுக்கு வருவதில்லை, அதனால் அதே சரக்கு கிடைக்காது. ஸ்காட்லாந்து லார்ச் கிடைக்கும், கணு சற்று அதிகம். 20 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம், மரத்தின் பட்டைப் பக்கம் வெளியே தெரியும்படி. நெஞ்சுப் பக்கம் வெளியே இருந்தால் நாளடைவில் ரேகை இதழ் இதழாகக் கிளம்பும். தேவையான நீளத்துக்கு அறுத்துவிட்டுச் சுடுங்கள், அப்போதுதான் வெட்டுமுகமும் கருகும். கட்டைகளின்மேல் படுக்கவைத்து, புரொப்பேன் டார்ச்சால் கரி சிறு சிறு கட்டங்களாக வெடிக்கும்வரை சுட்டு, தண்ணீர் தெளித்து அணையுங்கள். கணுவிலும் வெடிப்பிலும் கங்கு ஒளிந்திருக்கும் என்பதால் அன்றிரவு வீட்டையோ கொட்டகையையோ ஒட்டி அடுக்க வேண்டாம். ஒரு முகம் மட்டும் சூடேறிய பலகை அந்தப் பக்கமாகக் குழிந்து வளையும், காயும்வரை இடையிடையே குச்சி வைத்து அடுக்கிப் பாரம் ஏற்றுங்கள். பின்முகத்துக்கு எண்ணெய் கொடுத்து, கடலோரத்துக்கேற்ற ஏ4 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவால் அடியுங்கள். புதுப்பலகை ஒன்றிரண்டு நடுவில் நின்றால் பல் கட்டியதுபோல் துருத்தித் தெரியும். ஜன்னலுக்கும் மூலைக்கும் இடையிலான ஒரு பட்டையை முழுதாக மாற்றி, கழற்றியவற்றில் நல்லவற்றை உதிரியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு சங்கதியை வேலை தொடங்குமுன் பார்த்துவிடுங்கள். உங்கள் சுவர் பக்கத்து மனையின் எல்லையிலிருந்து 1 மீட்டருக்குள் இருந்தால், பலகைக்குத் தீத்தடுப்பு மருந்து ஏற்றியிருக்க வேண்டும். கருக்கியதாலேயே மரம் தீத்தடுப்புத் தரத்தை எட்டிவிடுவதில்லை. அப்படி மருந்தேற்றிய பலகையென்றால் அதற்கான சான்றிதழ் இருக்கும். எந்த எண்ணெய் பூசினால் அந்தச் சான்று செல்லும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே டப்பாவைத் திறங்கள்.

இந்த வேலை ஒருமுறை செய்தால், தெற்கும் மேற்கும் 3 முதல் 5 ஆண்டுவரை தாங்கும். வடக்குச் சுவர் அதைப்போல் இரு மடங்கு. தேதியை நம்பாமல் தண்ணீரை நம்புங்கள்: ஆண்டுக்கொருமுறை சுவரில் நாலைந்து சொட்டுத் தெளித்துப் பாருங்கள். பத்து நிமிடம் முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. மளமளவென்று உறிஞ்சினால் பூச வேண்டும். இதெல்லாம் வேண்டாம், சாம்பல் நிறமாகவே போகட்டும் என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. அடியும் பின்பக்கமும் காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறமான லார்ச் சுவரும் நன்றாகவே உழைக்கும்.

ஏற்காட்டு வீட்டுக்குச் சில்வர் ஓக் வேண்டாம். காப்பித் தோட்டத்து நிழல்மரம் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் வெளிச்சுவரில் நிற்கும் வலு அதற்கில்லை. கரையான் கரியைத் தின்னாது, ஆனால் கரியைத் தின்ன வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. கருக்காத பின்முகம் வழியாக ஏறி, முன்னே கருப்புத் தோலை மட்டும் விட்டுவைக்கும். மருந்தேற்றிய சில்வர் ஓக் கிடைத்தால் அதை ஒருபோதும் சுடாதீர்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தாக இருந்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். கருப்பு நிறம்தான் ஆசையென்றால், மருந்தேற்றிய பலகைக்குக் கருப்பு எண்ணெய் பூசுவதே போதும், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கருக்கியே ஆக வேண்டுமென்றால் வைரம் பாய்ந்த தேக்கு, வெள்ளைப் பகுதி துளியும் இல்லாமல். எதை அடித்தாலும் பலகையைத் தரையிலிருந்து 300 மில்லிமீட்டராவது உயர்த்தி, அடியில் கருங்கல் கட்டுமானம் வெளியே தெரியும்படி விடச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீட்டிய தகடு ஒன்று பதித்துவிட்டால், கரையான் அதைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகத்தான் மண்கூடு கட்டி ஏற வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறை சுற்றிவந்தாலே அப்பாவின் கண்ணில் பட்டுவிடும்.